மாநாட்டுக்குப் போய்த் திரும்பி வருகிறவர்

வவுனியா தாண்டியதும் சுகிர்தன் சப்பாத்தைக் கழற்றி ஆசனத்துக்குக் கீழே தள்ளிவிட்டு நித்திரையாகிவிடுவார். கட்டுநாயக்கா விமான நிலையம் வரும்வரை எழும்பமாட்டார். பின்னால் அவருடைய தாய் நேசமலர் மாமி மூக்கைச் சீறிச் சீறி அழுதுகொண்டு வருவா. மனைவி கௌசலா, அதாவது என் தங்கை, அழமாட்டாள். ஆனால் அவள் முகத்தைக் கண்ணாடியில் பார்த்தால் வான் ஓட்டுகிற எனக்கே பயமாக இருக்கும். பயணம் போகிறவர் மட்டும் வாயைத் திறந்துகொண்டு நித்திரை, பரந்தனுக்கு அரிசி வாங்கப் போகிறவர் மாதிரி.

போவது பரந்தனுக்கா? பூச்சி, இறால், நண்டு வகைகளின் மரபணுக்களை ஆராய்கிறவர்கள் எல்லாரும் கூடுகிற மாநாடு அது. ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு நாட்டில் நடக்கும். என் மச்சான் கிளிநொச்சியில் பல்கலைக்கழக விரிவுரையாளர். எங்கள் ஊர் முரசுமோட்டையில் விசா எடுத்து விமானம் ஏறிய எவரும் சொன்ன தேதிக்குத் திரும்பி வந்ததாக எங்களுக்கு ஞாபகமில்லை. கலியாணத்துக்குப் போனவர் அங்கேயே நின்றார். கோயில் பார்க்கப் போனவர் அங்கேயே. கிரிக்கெட் பார்க்கப் போனவரும் அங்கேயேதான். அதனால் இவர் வெளிக்கிடும்போது அயலெல்லாம் வாசலுக்கு வந்து கைகொடுக்கும், திருநீறு பூசும். பக்கத்து வயல்காரர் பரமலிங்கம் அண்ணை கட்டிப்பிடித்து, எங்களை மறந்துபோகாதே என்று கண் கலங்குவார். ஒரு கிழமை கழித்து இந்த மனுசன் தோளில் ஒரு பையோடு அதே வாசலில் வந்து இறங்கும். கண் கலங்கினவருக்கு எப்படி இருக்கும்?

வெளிநாட்டால் வருகிறவர்கள் சொக்லேட் கொண்டுவருவார்கள், சென்ட் கொண்டுவருவார்கள். இவர் கொண்டுவருவது மாநாட்டில் சும்மா கொடுக்கும் துணிப் பை. போன வருடம் வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்கு மாமி தேங்காயும் கற்பூரமும் கொண்டுபோனது, உள்ளங்கை அளவுக்குப் பெருப்பித்த பூச்சிப் படம் போட்ட பையில். கழுத்தில் மாட்டுகிற பெயரட்டை நாடாக்களும் வீடு முழுக்க உண்டு. ஒன்றில் தண்ணீர் மோட்டர் அறையின் திறப்பு தொங்குகிறது. இன்னொன்றில் ஆட்டுக்குட்டி கட்டியிருக்கிறது.

அவரோடு ஒரு பந்தியில் இருந்து சாப்பிட்டால் தெரியும் அடுத்த தொல்லை. கொக்கிளாயிலிருந்து நல்ல இறால் வாங்கிக்கொண்டு போவேன். கௌசலா மிளகாய் தூக்கலாகப் போட்டுப் பொரிப்பாள். எல்லாரும் கைவைக்கும் நேரம் பார்த்து இவர் தொடங்குவார்: "மச்சான், இதுவும் கரப்பானும் ஒரே பரம்பரை. பூச்சியெண்டது தரைக்கு ஏறின இறால் மாதிரித்தான்." சொல்லிவிட்டு அவர் மட்டும் இறால் தலையை உறிஞ்சி உறிஞ்சிச் சாப்பிடுவார். மற்றவர்கள் சோற்றைப் பிசைந்துகொண்டிருப்போம். ஒரு கலியாண வீட்டில் மாப்பிள்ளைக்கே இதைச் சொன்ன ஆள்.

இதையெல்லாம் பொறுக்கலாம். பொறுக்க முடியாதது குசினிக்குப் பின்னால் இருக்கிறது. நெல்லை நம்பி வாழ்கிற ஊரில் இவர் நெல்லை அழிக்கிற பூச்சியை வளர்க்கிறார். கபிலத் தத்தி, வயல்காரர் வாயில் அறக்கொட்டியான். நெற்பயிரின் அடியில் இருந்து சாற்றை உறிஞ்சி, வயலைத் திட்டுத் திட்டாக எரித்த மாதிரி ஆக்கிவிடும். பரமலிங்கம் அண்ணையின் வயலில் பிடித்த ஒரே ஒரு தாய்ப் பூச்சியிலிருந்து தலைமுறை தலைமுறையாகப் பெருக்கியது. இரட்டை வலைக் கூடு, உள்ளே சட்டிகளில் பச்சை நாற்று. அந்த ஒரு பரம்பரையின் மரபணுவைத்தான் முழுதாக வாசிக்கிறாராம். இந்த ஊர்த் தத்திக்கு மருந்து ஏன் பிடிக்கவில்லை என்று அதில் தெரியவருமாம். பரமலிங்கம் அண்ணை கேட்டார்: "அறக்கொட்டியானுக்குச் சோறு போட்டு வளக்கிற ஊர் இந்த உலகத்தில வேற எங்கயாவது இருக்கோ?" நியாயமான கேள்வி.

பூச்சி பிடிப்பதற்கும் அவருக்கு வேறு சாமான் கிடையாது. கௌசலாவின் சீதன அலுமாரியில் இருந்த வெள்ளைப் பீங்கான்தான் வேண்டும். பயிரின் அடியில் பீங்கானைப் பிடித்துக்கொண்டு தண்டைத் தட்டினால், விழுகிற பூச்சி வெள்ளையில் தெளிவாகத் தெரியுமாம். விருந்தாளிக்குச் சோறு போடுகிற பீங்கான். அவள் கத்துவாள், கழுவுவாள், ஒளித்து வைப்பாள். அவர் எப்படியோ கண்டுபிடித்துவிடுவார். அவர் மாநாட்டுக்குப் போனால் கூட்டுக்குத் தண்ணீர் ஊற்றுவதும் அவள்தான். திட்டிக்கொண்டே ஊற்றுவாள்.

இந்தக் காலபோகத்தில், மாரி நெல் நிற்கிற நேரத்தில், நடந்ததைச் சொல்கிறேன். மாநாட்டில் இவர் பேசி முடித்ததும் அங்குள்ள ஓர் ஆய்வுகூடம் வேலை தருவதாகச் சொல்லியிருக்கிறது. குடும்பத்துக்கும் விசா, பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம். மாநாட்டின் கடைசி நாளுக்குள் பதில் சொல்ல வேண்டும். தொலைபேசியில் கௌசலா ஒரே சொல்லாக, ஓம் என்று சொல்லுங்கோ என்றாள். பிறகு என்னிடம் வந்து முற்றத்தில் இருந்துகொண்டு, "இந்த வீட்டுக்குக் கூரை போட்டுப் போட்டுக் களைச்சுப்போனன் அண்ணா" என்றாள். சண்டையில் இரண்டு கூரை போய், மூன்றாவது கூரை அது. அவள் இப்படி வாய்விட்டுச் சொல்லி நான் கேட்டதில்லை. அன்றைக்கு முதன்முறையாக எனக்கும் இவர் அங்கேயே நிற்பார் என்ற நம்பிக்கை வந்தது. மாமி அயலெல்லாம் போய்ச் சொல்லி அழுதா. மகன் இனி வரமாட்டான் என்று ஊரே ஒரு முடிவுக்கு வந்துவிட்டது.

வியாழக்கிழமை எனக்கு ஒரு குறுஞ்செய்தி வந்தது. நாளைக் காலை இறங்குகிறாராம். வான் கொண்டுவரட்டாம்.

எனக்கு வந்த ஆத்திரத்தை அப்படியே எழுதினால் பத்திரிகைக்காரர் போடமாட்டார். கௌசலா வானில் ஏற மறுத்துவிட்டாள். தனியாகத்தான் போனேன். பையும் கழுத்து நாடாவுமாக, சிரித்துக்கொண்டு வெளியே வந்தார். குருநாகல் வரும்வரை பொறுத்தேன். அதற்கு மேல் முடியவில்லை.

"உமக்கென்ன விசரோ? இப்பிடியொரு வேலை ஆருக்குக் கிடைக்கும்? என்னத்துக்குத் திரும்பி வந்தனீர்?"

"பூச்சியை அங்க கொண்டுபோக விடமாட்டாங்கள் மச்சான்."

பூச்சிக்காகவா பெண்சாதி பிள்ளைகளின் தலையில் மண்ணைப் போட்டீர் என்று கேட்டேன்.

"எங்கட பல்கலைக்கழக ஆள் ஒருத்தர் முந்தி மாநாட்டுக்கெண்டு போய் நிண்டிட்டார். அதுக்குப் பிறகு எனக்கே ரெண்டு முறை விசா தரேல்லை. இப்ப நானும் நிண்டா யதுர்ஷிகாவை ஆர் விடுவாங்கள்?"

யதுர்ஷிகா அவரிடம் படிக்கிற பிள்ளை. நண்டின் மரபணுவைப் பார்க்கிறாள். அடுத்த மாநாட்டில் பேச அவளுக்கு அழைப்பு வந்திருந்தது.

"சரி, அந்தப் பிள்ளை போனாத் திரும்பி வருமோ?"

"அது தெரியாது" என்றார். சப்பாத்தைக் கழற்றி ஆசனத்துக்குக் கீழே தள்ளினார். நித்திரையாகிவிட்டார். இப்படிப்பட்ட ஆளை என்ன செய்யலாம், நீங்களே சொல்லுங்கள்.

முரசுமோட்டைக்கு வரப் பின்னேரமாகிவிட்டது. கௌசலா வாசல் படியில் இருந்தாள். எழும்பவில்லை, வாங்கோ என்று சொல்லவுமில்லை. இவர் சப்பாத்தை மாட்டிக்கொண்டு இறங்கி நேரே குசினிக்குப் பின்னால் போனார். நானும் பின்னால் போனேன். மருந்து மணம் மூக்கில் அடித்தது. நாற்றெல்லாம் வெளிறிக் கிடந்தது. வலைக்கூட்டின் அடியில் தத்திகள் உமி கொட்டின மாதிரிச் செத்துக் கிடந்தன. மாமி சேலைத் தலைப்பைக் கடித்துக்கொண்டு நின்றா.

"நீ வரமாட்டாய் எண்டுதானே ராசா நாலு மருந்தை ஒண்டாக் கலந்து அடிச்சனான். பரமலிங்கத்தின்ர பயிர் குடலையாய், கதிர் தள்ளுற நேரத்தில நிக்குது. நீயும் இல்லாம உந்தப் பூச்சியை ஆர் பாக்கிறது?"

மாமி செய்ததில் பிழை என்ன? வரமாட்டான் என்றுதான் எல்லாரும் நினைத்தோம். அங்கே வேலையும் போய்விட்டது, இங்கே பூச்சியும் போய்விட்டது. அந்த ஒரு பரம்பரை இனிக் கிடைக்காது. பழையபடி ஒரு தாயைப் பிடித்து முதலிலிருந்து தொடங்க வேண்டும். சுகிர்தன் கத்துவார் என்று பார்த்தேன். கத்தியிருந்தால் எனக்கும் ஆறியிருக்கும். அவர் குந்தியிருந்து வலைக்குள் கையை விட்டு, ஒரு நாற்றை விலக்கிப் பார்த்தார். இன்னொன்றையும் பார்த்தார். "சரியம்மா, நீங்கள் போய் இருங்கோ" என்றார். பிறகு முன்பக்கம் வந்து கௌசலாவுக்குக் கொஞ்சம் தள்ளிப் படியில் இருந்தார். இரண்டு பேருக்கும் இடையில் நான் ஏன் நிற்கிறேன் என்று எனக்கே தெரியவில்லை.

கௌசலா திடீரென்று எழும்பி உள்ளே போனாள். அலுமாரி திறக்கிற சத்தம் கேட்டது. ஒளித்து வைத்திருந்த வெள்ளைப் பீங்கானோடு வந்தாள். அவர் காலடியில் டங்கென்று வைத்தாள், அது உடையாமல் விட்டது அதிசயம். அவர் முகத்தைப் பார்க்காமல் குசினிக்குள் போய்விட்டாள்.

சுகிர்தன் சப்பாத்தைக் கழற்றினார். காற்சட்டையை முழங்கால்வரை மடித்தார். மாநாட்டுப் பெயரட்டை கழுத்தில் தொங்கத் தொங்க, பீங்கானை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு பரமலிங்கம் அண்ணையின் வயலுக்குள் இறங்கினார்.