சேப்பங்கிழங்குக் குழம்பும் குனியேயின் கேமராவும்

என் பக்கத்து வீட்டுக் குனியே டோகாஷி சலவைக்கடையில் வேலை பார்ப்பவள். விடுமுறை நாளில் கழுத்தில் கேமரா தொங்கும். கோயில் பல்லக்கு, சிங்க நடனம், இலை சிவக்கும் காலத்து மலைப் பயணம், எதையும் விட்டதில்லை. படங்கள் சுமார்தான். குறை அவளுடையது மட்டுமல்ல. அவள் கேமராவைத் தூக்கினாலே நாங்கள் இரண்டு விரலை நீட்டி, பல்லைக் காட்டி, மரப்பாச்சிகளாகிவிடுவோம். புகைப்படப் போட்டிக்கு அனுப்பியவை எல்லாம் "முகங்களில் உயிரில்லை" என்று திரும்பி வந்தன. உயிருள்ள ஒரே ஒரு படம் எடுத்துவிட வேண்டும் என்பது அவள் ஆசை.

அக்டோபரில் ஆற்றங்கரையில் கல் அடுக்கி அடுப்பு மூட்டிச் சேப்பங்கிழங்குக் குழம்பு வைப்போம். மாட்டிறைச்சி, சோயா சாஸ். யமகதா மாகாணத்தில் எங்கள் பக்கம் இதில் பேச்சுக்கே இடமில்லை. மலைக்கு அப்பால், குனியே பிறந்த கடலோரத்தில், பன்றியிறைச்சியும் மிசோ என்னும் புளிக்கவைத்த சோயா விழுதும் போடுவார்கள். எங்கள் தெருச் சங்கத் தலைவர் குசகாரி அதைக் குழம்பு என்றே ஒப்புக்கொள்வதில்லை.

இந்த ஆண்டும் குனியே கேமராவை முக்காலியில் நிறுத்தினாள். விரல்கள் நீண்டன.

"விரலை மடக்குங்க தலைவரே!"

"மடக்கிட்டு கையை எங்கம்மா வச்சுக்கிறது?"

குனியே பெருமூச்சு விட்டாள். கேமராவின் ரிமோட்டை உள்ளங்கையில் மறைத்துக்கொண்டு, பையிலிருந்து மிசோ டப்பாவை எடுத்துக் கொதிக்கிற அண்டாவுக்கு நேராகக் கொண்டுபோனாள்.

"நான் இங்க வந்து முப்பது வருசமாச்சு. இன்னைக்காவது நல்ல குழம்பு சாப்பிடலாம்."

"ஐயோ, பிடிங்கடி அவளை!" என்று அலறினாள் தலைவரின் மனைவி யாசுயோ. நான் கிண்ணத்தைப் போட்டுவிட்டு ஓடினேன். தலைவருக்கு மூடி அகப்படவில்லை. தொப்பியைக் கழற்றி அண்டாவின் மேல் விரித்துப் பிடித்தார். குனியே டப்பாவைக் கவிழ்த்தாள். ஒன்றும் விழவில்லை. காலி டப்பா! கேமரா மட்டும் சடசடவென்று அடித்துக்கொண்டிருந்தது.

படத்தில் தலைவரின் வாய் அண்டாவைவிட அகலம். யாசுயோ ஒற்றைச் செருப்போடு காற்றில் இருந்தாள். சிரித்த சிரிப்பில் நாங்கள் கூழாங்கல்லில் உட்கார்ந்துவிட்டோம். தலைவர் சிரிக்கவில்லை.

"இதை அனுப்பக் கூடாது."

படத்தில் இருப்பவர் சம்மதிக்காவிட்டால் போட்டியில் ஏற்கமாட்டார்கள். குனியேயின் முகம் வாடியது.

"தலைவரே, கெஞ்சிக் கேக்கிறேன்."

"அப்போ எங்க குழம்புதான் ஒசத்தின்னு எல்லார் முன்னாடியும் சொல்லு."

குனியே ஒரு கிண்ணம் குடித்தாள். இன்னொரு கிண்ணமும் குடித்தாள். வாயைத் திறந்தாள், மூடினாள். கேமராவை ஒருமுறை பார்த்துக்கொண்டாள்.

"வரலை தலைவரே. படம் போனாப் போகட்டும்."

தலைவர் அவளையே பார்த்தார். "இவ்வளவு ரோசக்காரி நம்ம பக்கம் பொறந்திருக்கக் கூடாதா!" என்றார். "அனுப்பித் தொலை. ஆனா குழம்பைக் காப்பாத்தினது நான்னு கீழே எழுதணும்."

"எழுதறேன். அதுல தொப்பி வாசம் அடிச்சதையும் எழுதவா?"

அவர் கரண்டியைத் தூக்கிக்கொண்டு துரத்த, கேமராவைத் தலைக்குமேல் பிடித்தபடி ஆற்றுக்குள் இறங்கி ஓடினாள் ஐம்பத்தெட்டு வயதுக் குனியே.