விளங்காதவன் உத்தியோகம்

போன ஞாயிற்றுக்கிழமை பெரிய வெங்காயத்தைக் குறுக்கே வெட்டிக்கொண்டிருந்தேன். பென்சன் எடுத்த ஆம்பிளைக்குக் கண்டிப் பக்கத்து அம்பிட்டியவில் இதைவிடப் பெரிய பதவி கிடையாது. பலகையில் வட்டத்துக்குள் வட்டமாக விழுந்ததைப் பார்த்ததும் கத்தி நின்றுவிட்டது.

“வெங்காயத்துக்கு இப்படியா அழுவாங்க? கண்ண கழுவிட்டு வாங்க” என்றாள் மனைவி.

வெங்காயம் என்றே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். உங்களிடம் மட்டும் உண்மையைச் சொல்கிறேன்.

நான் மூன்றாம் வகுப்போடு வத்தேகமவில் தேயிலைத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தை விட்டவன். பள்ளிக்கூடமும் என்னைத் தேடவில்லை. அப்படிப்பட்டவன் பிறகு பல்கலைக்கழகத்துக்கே போனேன், தேசப்பட அறைக்குப் பியோனாக. படம் சுருட்ட, மேசை துடைக்க, கரும்பலகை அழிக்க. மழைக்காலத்தில் அந்த அறையில் நனைந்த குடையும் சோக்குத் தூளும் படத்துக்குப் பின்னால் ஒட்டிய பசையும் சேர்ந்து ஒரு வாசனை அடிக்கும். அந்தப் பசைக்கு ஆசைப்பட்டு இந்து சமுத்திரத்தில் பாதியைக் கரப்பான் தின்றுவிட்டது. அதற்கும் ஏச்சு எனக்குத்தான்.

ஆனால் என் உண்மையான உத்தியோகம் விளங்காமல் இருப்பது. பட்டம் முடித்து மேலே படிக்கிறவர்களை முதல் வருடப் பிள்ளைகளுக்குப் படிப்பிக்க விடுவார்கள். அதற்கு முன் ஓர் ஒத்திகை நடக்கும். துறைத் தலைவர் யாழ்ப்பாணத்தவர், பெரிய சேர் என்போம். ஒத்திகையில் என்னை முன் வாங்கில் உட்கார வைத்து, கையில் நாலைந்து சோக்குத் தருவார். விளங்காத இடம் வந்தால் ஒன்றை மேசையில் வைக்க வேண்டும்.

“ஐசே, உமக்கு விளங்கினா ஊருக்கே விளங்கும்” என்பார். அதைப் பாராட்டு என்று நினைத்துப் பல வருடம் சந்தோஷமாக இருந்தேன்.

மேசையில் சோக்கு விழுந்தால் சேர் அந்த இடத்தைத் திருத்துவார். முதல் இரண்டு வாரம் வகுப்பின் கடைசி வாங்கிலும் போய் இருப்பார். அவர் இருந்தால் ஒரு பயல் வாலாட்ட மாட்டான். சோக்கே விழாவிட்டால் புதியவர் தனியாகப் போகலாம். ஒருவருக்குச் சோக்கு முடிந்து என் சீப்பையும் எடுத்து வைத்தேன். அவர் பின்னாளில் பேராசிரியரானார். சீப்பைப் பற்றிப் பேச மாட்டார்.

அதற்கடுத்த வருடம் பவானி மிஸ் வந்தார். மெல்லிய குரல், யாழ்ப்பாணத்துப் பிள்ளை. தற்காலிக வேலை. முதல் தவணை சரியாகப் படிப்பித்தால்தான் நிலைக்கும். எல்லோருக்கும் நான் ஐசே, இல்லாவிட்டால் ஒரு விசில். மிஸ்தான் அண்ணை என்று கூப்பிட்டார். ஒருநாள் தேத்தண்ணி குடிக்கும்போது, “அண்ணை, நீங்கள் கெட்டிக்காரன். படிச்சிருந்தா எங்களுக்கே படிப்பிச்சிருப்பியள்” என்றார். அந்தப் பேச்சு என் தலையில் ஏறிச் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டது.

ஒத்திகையில் அவருடைய பாடம் சமவுயரக் கோடு, மலையைத் தாளில் காட்டுகிற வித்தை. வட்டத்துக்குள் வட்டம் வரைந்து, “இது ஒரு குன்று” என்றார். தினமும் அம்பிட்டிய ஏற்றத்தில் மூச்சு வாங்குகிறவன் நான். எனக்கு அங்கே வெட்டின வெங்காயம்தான் தெரிந்தது. இந்தக் கோடுகள் ஒன்றையொன்று வெட்டாது என்று ஏதோ காரணம் சொன்னார். அதுவும் தலைக்கு மேலே போனது. சோக்கை வைக்கக் கையைத் தூக்கினேன். மிஸ் என்னைப் பார்த்தார். கெட்டிக்காரனைப் பார்க்கிற பார்வை. சோக்கை உள்ளங்கையில் இறுக்கிக்கொண்டு, கச்சேரியில் முன்வரிசைக்காரன் மாதிரித் தலையை ஆட்டினேன்.

“என்ன ஐசே, ஒண்டும் இல்லையோ?”

“இல்லீங்க சேர். கண்ணாடி மாதிரி வெளங்குது.”

“அப்ப பிள்ளை தனியப் போகலாம்.”

திங்கட்கிழமை வகுப்பு நிறையப் பிள்ளைகள். நான் படச்சுருளோடு கதவடியில் நின்றேன். பத்து நிமிஷத்தில், “மிஸ், அது மலையா தோசையா?” என்றான் ஒருவன். சிரிப்பு. இன்னொருவன் உண்மையாகவே கேட்டான்: “கோடு ரெண்டும் ஏன் மிஸ் வெட்டாது?” ஒத்திகையில் சொன்னதையே சொன்னார். விளங்கவில்லை என்றார்கள். மறுபடியும் அதையே சொன்னார். சப்பாத்தால் தரையைத் தேய்க்கத் தொடங்கினார்கள். வேறு விதமாகச் சொல்லவேண்டி வரும் என்று யாரும் அவருக்குக் காட்டியிருக்கவில்லை. காட்ட வேண்டியவன் கதவடியில் நின்றான். மிஸ் புத்தகத்தை அணைத்துக்கொண்டு என்னைக் கடந்து வெளியே போனார். திரும்பி அந்த வகுப்புக்குள் வரவேயில்லை.

வேலையை விட்டுப் போகிற அன்று தேசப்பட அறைக்கு வந்தார்.

“அண்ணை, உங்களுக்கு விளங்கினது அவையளுக்கு ஏன் விளங்கேல்லை? நான் எதில பிழை விட்டனான்?”

சொல்லியிருக்கலாம். எந்த நேரமும் பகிடி விடுகிற என் வாய், “அவனுங்க காவாலிப் பயலுங்க மிஸ்” என்று மட்டும் சொன்னது.

“இல்லை அண்ணை. எனக்குப் படிப்பிக்கத் தெரியேல்லை” என்றார். அப்படி நம்பிக்கொண்டேதான் ரயில் ஏறினார்.

பெரிய சேர் போனதோடு ஒத்திகையும் போயிற்று. இப்போது மூன்று நாள் பயிற்சியாம், சான்றிதழாம். ஒன்றும் விளங்காத ஒருவனுக்கு அங்கே கதிரை போடுவதில்லை. தேசப்படங்கள் இருந்த அறையில் கணினிகள் இருக்கின்றன.

வடக்கில் சண்டை ஓய்ந்த பிறகு மிஸ்ஸின் ஊர்க்காரர் ஒருவரைக் கண்டி மார்க்கெட்டில் கண்டேன். மிஸ் ஒருமுறை சொன்ன கோயிலடி ஒழுங்கையில், அந்தச் சின்னத் தெருவில், பவானி என்று ஒருவர் இருந்தாரே என்று விசாரித்தேன்.

“எந்த ஒழுங்கை? அந்தப் பக்கம் முழுக்கப் பத்தைக்காடு. இருந்த சனம் எங்க போச்சுதோ, ஆருக்குத் தெரியும்?”

‘எனக்கும் விளங்கவில்லை மிஸ், பொய் சொன்னேன்.’ இவ்வளவுதான் நான் சொல்ல வைத்திருந்தது. போய் நின்று கூப்பிட ஒரு வேலிப் படலைகூட இல்லை.