ஷெட்டுக்கு நாலு பேர்

1. டைம் ஆபீஸ்

பி.காம். முடித்த கையோடு எனக்குக் கிடைத்த முதல் வேலை, ஒரு பட்டாசுக் கம்பெனியில் ஆள் எண்ணுவது. வேலைக்கு வைத்த பெயர் மட்டும் 'டைம் ஆபீஸ் அசிஸ்டென்ட்'. பெயரைக் கேட்டு ஏமாந்து, நல்ல சேலை கட்டிக்கொண்டு ஆமத்தூரில் கம்பெனி பஸ் ஏறினேன். போய்ப் பார்த்தால் ஆபீசும் இல்லை, நாற்காலியும் இல்லை. கையில் ஒரு அட்டை, அதில் செருகிய ஒரு தாள், ஒரு பென்சில். அறுபது ஷெட்டையும் ஒரு நாளைக்கு நாலு முறை நடந்து சுற்ற வேண்டும். முதல் நாள் சாயங்காலம் கால் வலியில் அழுதே விட்டேன்.

கேட்டில் விரல் வைக்கும் மெஷின் உண்டு. வேலைக்கு யார் வந்தார்கள் என்று அது சொல்லும். எந்த ஷெட்டில் எத்தனை பேர் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று சொல்லாது. எங்கள் தொழிலில் அதுதான் முக்கியம். வெடிமருந்து அடைக்கும் ஷெட்டில் நாலு பேருக்கு மேல் இருக்கக் கூடாது. ஒரு பொறி விழுந்தால் நாலு பேரும் ஆளுக்கொரு பக்கம் ஓடித் தப்பிக்க வேண்டும். ஐந்தாவது ஆள் இருந்தால் ஒருவர் மேல் ஒருவர் முட்டி விழுவார்கள்.

ஒரு மாதத்தில் நான் ஒரு குறுக்குவழி கண்டுபிடித்தேன். ஷெட்டுக்குள் செருப்போடு போகக் கூடாது. செருப்பில் ஒட்டிய மணல் மருந்தில் உரசினாலே போதும், ஆபத்துதான். அதனால் எல்லோரும் வாசலில் கழற்றிப் போட்டுவிட்டுத்தான் போவார்கள். வாசலில் நாலு ஜோடி என்றால் உள்ளே நாலு பேர். எட்டிப் பார்க்கவே வேண்டாம். சுற்றி வரும் நேரம் பாதியாகக் குறைந்தது.

"படிச்ச மூளைன்னா சும்மாவா!" என்றார் போர்மேன் சீனியப்பன் அண்ணன். மேனேஜர் காதுக்கும் அது போனது. "சீசன் முடியட்டும்மா, உன்னைய ஆபீசுக்கு மாத்திர்றேன்" என்றார். அன்றைக்கு எனக்குத் தலைகால் புரியவில்லை. பஸ்ஸில் வந்தவர்கள் எல்லோரிடமும் சொல்லிவிட்டேன்.

2. இருபத்து மூன்றாம் ஷெட்

தீபாவளி ஆர்டர் உச்சத்தில் இருந்த நேரம். எங்கள் ஊர் வெயிலுக்கு ஆவணி, புரட்டாசி என்றெல்லாம் தெரியாது. பதினோரு மணி டீக்கு பெல் அடித்தது. இருபத்து மூன்றாம் ஷெட்டிலிருந்து பெண்கள் வெளியே வந்தார்கள். நாலு பேர் நிதானமாகச் செருப்பை மாட்டிக்கொண்டு நடந்தார்கள். அவர்களுக்குப் பின்னால் மூன்று பேர், "ஆத்தாடி, ஆத்தாடி" என்று சுடுமண்ணில் வெறுங்காலோடு குதித்துக் குதித்து வேப்பமரத்து நிழலுக்கு ஓடினார்கள்.

என் தாளைப் பார்த்தேன். இருபத்து மூன்று: நாலு பேர். கொஞ்ச நேரத்துக்கு முன்னால் நானே எழுதியது. தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் ஒரு சாக்கு கிடந்தது. அதைத் திறந்தால் மூன்று ஜோடிச் செருப்பு.

ஓடிய மூவரில் ஒருவர் முத்துமாரி அக்கா. எங்கள் தெருக்காரர். இந்த வேலை காலியாக இருக்கிறது என்று எனக்குச் சொன்னவரே அவர்தான்.

"என்னக்கா இது? செருப்பக் கொண்டு போயி சாக்குக்குள்ள ஒளிச்சு வச்சிருக்கீக?"

"சத்தம் போடாத புள்ள. செஞ்சு முடிச்ச எண்ணிக்கைக்குத்தான கூலி? சீசன்லதான் எங்களுக்கு நாலு காசு. எடம் இல்லன்னு வீட்டுக்கு அனுப்பிட்டா எம்மக ராசாத்திய நர்சிங்கு நீ படிக்க வைப்பியா?"

"எம்புட்டு நாளா நடக்கு?"

"பத்து நாளா. நீ செருப்பத்தான எண்ணுவ? ஆளையா எண்ணுற?"

சுருக்கென்று தைத்தது. பத்து நாளும் மருந்துக்கு நடுவில் ஏழு பேர் இடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். நான் நாலு, நாலு என்று எழுதிப் பாராட்டு வாங்கியிருக்கிறேன்.

டீ முடிந்து அவர்கள் திரும்பி வந்தபோது வாசலை மறித்து நின்றுகொண்டேன். நாலு பேரை மட்டும் உள்ளே விட்டேன். போர்மேன் ஓடி வந்தார்.

"ஏத்தா, எனக்குத் தெரியாமலா நடக்குன்னு நெனைக்க? வெள்ளிக்கெழம லோடு போகணும். நீ எழுதிக் குடுத்தா இந்த மூணு பேரு வேலையும் போகும், ஒன் ஆபீஸ் சீட்டும் போகும். பத்து நாளாத் தப்பா எழுதுனது யாரு? நீதான?"

அவர் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. அதுதான் என்னைப் பயமுறுத்தியது. பென்சிலோடு அந்த வெயிலில் எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது. உண்மையைச் சொல்கிறேன், சட்டதிட்டமெல்லாம் எனக்கு அப்போது ஞாபகம் வரவில்லை. இந்த ஷெட்டில் ஏதாவது ஒன்று ஆகிவிட்டால் ராசாத்தி முகத்தில் எப்படி முழிப்பது என்பது மட்டும்தான் ஓடிக்கொண்டிருந்தது. எழுதினேன். 'ஷெட் 23: ஏழு பேர். கடந்த பத்து நாட்களாக நான் எழுதியது தவறு. உள்ளே பார்க்காமல் செருப்பை மட்டும் எண்ணினேன்.' கீழே கையெழுத்துப் போட்டேன்.

"வேல சொல்லிவிட்டது நாந்தான? அதுக்கு நல்லா செஞ்சிட்ட. நல்லா இரு தாயி" என்றார் முத்துமாரி அக்கா. சாயங்காலம் பஸ்ஸில் எனக்குப் பக்கத்தில் இடம் இருந்தும் நின்றுகொண்டே வந்தார். அந்த இருபது நிமிடத்தைப் போல் ஒரு பயணம் என் எதிரிக்கும் வேண்டாம்.

3. குருசாமி சார்

மறுநாள் காலையில் மேனேஜர் குருசாமி சார் கூப்பிட்டார். தாளை இரண்டு தடவை படித்தார்.

"பத்து நாளும் எழுதுனது பொய்யா?"

"பொய் இல்ல சார். பாக்காம எழுதுனது."

"ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்?"

சரி, நம் கதை முடிந்தது என்றே நினைத்தேன். அவர் அடுத்ததாகக் கேட்டார்: "மூணு பேரையும் நிறுத்திட்டா சரியாப் போயிருமா?"

எனக்கு வாய்த்துடுக்கு ஜாஸ்தி. எப்படியும் வேலை போகப் போகிறது, சொல்லிவிட்டே போவோம் என்று தோன்றியது. "போகாது சார். நாளைக்கு வேற ஷெட்டுல ஒளிஞ்சு உக்காருவாக. எடம் இருந்தா அவுக எதுக்கு ஒளியப் போறாக? முப்பத்தொண்ணு, முப்பத்திரண்டு ரெண்டும் லைசென்சுல வேல ஷெட்டுதான். நாமதான் அதுல வெறும் அட்டைப்பெட்டிய அடுக்கி வச்சிருக்கோம். நாலு தடவ நடக்கேன், தெனமும் பாக்கேன்."

அவர் போனை எடுத்தார். நான் நிற்கும்போதே முதலாளியிடம் பேசினார்.

"வெள்ளிக்கெழம லோடு போகாதுங்க. நாலு நாளு தள்ளித்தான் போகும். ஆமாங்க, தப்பு எம்மேலதான். நான் ஷெட்டு ஷெட்டாப் போயிப் பாத்தே ரெண்டு மாசம் ஆச்சு."

போர்மேன் பெயரைச் சொல்லவில்லை. என் பெயரையும் சொல்லவில்லை. அந்தப் பக்கத்திலிருந்து வந்த சத்தம் எனக்கே கேட்டது. திட்டையெல்லாம் வாங்கிக்கொண்டு நின்றார். அதற்குப் பிறகு எத்தனையோ மேனேஜர்களோடு வேலை பார்த்துவிட்டேன். கீழே இருக்கிறவள் செய்த தப்பை, அவள் கண் முன்னாலேயே தன் தலையில் தூக்கி வைத்துக்கொண்ட இன்னொருவரை நான் பார்க்கவில்லை. அன்று மதியமே சட்டைக் கையை மடித்துவிட்டு எங்களோடு சேர்ந்து அட்டைப்பெட்டி தூக்கினார்.

மூன்றாம் நாள் முத்துமாரி அக்காவுக்கும் மற்ற இருவருக்கும் முப்பத்தொன்றாம் ஷெட்டில் இடம் கிடைத்தது. அக்கா மட்டும் அந்த சீசன் முழுக்க என்னைக் கண்டால் முகத்தை வெட்டிக்கொண்டுதான் போனார்.

ஆபீஸ் சீட் எனக்கு வரவில்லை. குருசாமி சார் வெளிப்படையாகவே சொன்னார்: "இன்னும் ஒரு வருஷம் நட. இப்பத்தான் எண்ண ஆரம்பிச்சிருக்க." கோபம் வந்தது. ஆனாலும் நடந்தேன். ஒவ்வொரு ஷெட்டிலும் எட்டிப் பார்த்து, பேர் சொல்லிக் கூப்பிட்டு எண்ணினேன். யார் கை வேகம், எந்த ஷெட்டில் காற்று வராது, எந்த வேலை எப்போது தேங்கும் என்பதெல்லாம் அந்த ஒரு வருஷத்தில் எனக்குள் ஏறியது. ஞாயிற்றுக்கிழமைகளில் சேஃப்டி டிப்ளமோ படித்தேன். சேஃப்டி ஆபீசர், பிறகு புரொடக்‌ஷன் பிளானிங், இப்போது கம்பெனியின் மூன்று பேக்டரிகளுக்கும் ஆபரேஷன்ஸ் மேனேஜர். புதிதாக வரும் பிள்ளைகள், "எந்த கோர்ஸ் படிச்சா மேடம் இந்த இடத்துக்கு வரலாம்?" என்று கேட்கிறார்கள். கோர்ஸ் பெயரைச் சொல்கிறேன். ஆனால் ஆர்டரை ஷெட்டுகளுக்குப் பிரித்துப் போட எனக்கு இன்றைக்கும் கைகொடுப்பது நடந்த நடைதான்.

4. போன மாதம்

வடக்கேயிருந்து இரண்டு பெரிய வியாபாரிகள் பேக்டரி பார்க்க வந்தார்கள். நானே கூட்டிப் போனேன். பெருமைதான், இல்லையென்று சொல்ல மாட்டேன். மருந்து அடைக்கும் பகுதிக்கு இப்போது சூப்பர்வைசர் முத்துமாரி அக்கா. ஒரு ஷெட்டின் படியில் நான் கால் வைத்ததும், கையை நீட்டி மறித்தார்.

"உள்ள நாலு பேரு இருக்காக. நீங்க வெளிய நில்லுங்க மேடம்."

"ரெண்டே நிமிசம்க்கா. வெளியூர்லருந்து வந்திருக்காக."

"யாரா இருந்தா என்ன? அஞ்சாவது ஆளுன்னா அஞ்சாவது ஆளுதான். ஒங்களுக்கு நான் சொல்லணுமாக்கும்?"

வந்தவர்களுக்கு ஒரே ஆச்சரியம். நான் யார் என்று அந்தம்மாவுக்குத் தெரியாதா என்று கேட்டார்கள். "நல்லாத் தெரியும். அதனால்தான் மேடம் போட்டுச் சொன்னார்" என்றேன். அக்கா உள்ளேயிருந்து ஒரு பெண்ணை வெளியே வரச் சொல்லிவிட்டு, வந்தவர்களில் ஒருவரை மட்டும் அனுப்பினார். அவர் வெளியே வந்த பிறகுதான் அடுத்தவர்.

வேலையில் நான் எவ்வளவு தூரம் வந்திருக்கிறேன் என்று யாராவது கேட்டால், என் பதவியின் பெயரைச் சொல்ல எனக்கு மனம் வருவதில்லை. நான் தப்பாகக் கால் வைத்தால் தைரியமாக மறித்து நிறுத்த என் கம்பெனியில் ஆள் இருக்கிறது. அன்றைக்கு என் முறை வரவே இல்லை. கடைசி வரை வெயிலில்தான் நின்றேன்.