மைனஸ் ஒன்று

அம்மா சாத்தூரில் நர்ஸாக இருந்தார். அவரைப் பார்க்கச் சென்னையிலிருந்து ரயிலில் போய்க்கொண்டிருந்தேன். விருதுநகர் தாண்டியதும், நேற்று மாற்றி அச்செடுத்து வைத்திருந்த நிரல் வரிகளைப் பொழுது போகாமல் எடுத்துப் படித்தேன். அப்போதுதான் என் தப்பு கண்ணில் பட்டது.

இரண்டு கணினிகள் பாதுகாப்பாகப் பேசிக்கொள்வதற்கான நிரல் தொகுப்பு அது. எதிர்முனையின் கையொப்பம் சரியென்றால் ஒன்று என்ற விடை வரும், பொய்யென்றால் பூஜ்யம். சோதனையே நடக்காமல் போனால் மைனஸ் ஒன்று. பழைய வரி, ஒன்று வந்தால் மட்டும் உள்ளே விட்டது. நான் அதைச் சுருக்கி, பூஜ்யம் இல்லாத எதுவும் உள்ளே வரலாம் என்று ஆக்கியிருந்தேன். சோதிக்கப்படாதவர்களும் உள்ளே வந்துவிடுவார்கள். பதினொரு மணிக்கு அந்தப் பதிப்பு வெளியாகிறது.

சாத்தூரில் இறங்கும்போது ஒன்பதே முக்கால். கைபேசியில் சார்ஜ் இல்லை. பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஒரு பிரவுசிங் சென்டருக்குள் ஓடினேன். கடைக்கார பாய் ஒரு கணினியைக் காட்டினார். பெயர்ப் பெட்டியில் ஓர் எழுத்து அடித்ததும், முன்னால் வந்து போன யார் யாருடைய பெயர்களோ வரிசையாக இறங்கின. அலுவலகக் கடவுச்சொல்லை இதில் எப்படி அடிப்பது? கையை எடுத்துவிட்டேன். போன் வேண்டும் என்றேன்.

அந்தக் கடையில் போனுக்கும் இணையத்துக்கும் ஒரே லைன்; போனை எடுத்தால் இணையம் அறுந்துவிடும். பக்கத்துக் கணினியில் புதுப்பட்டிப் பட்டாசுக் கம்பெனிக்காரர் ஒருவர், சீசன் ஆர்டருக்கான லேபிள் படம் இறங்கக் காத்திருந்தார். ரெண்டு தடவை அறுந்து இப்போதுதான் பாதி வந்திருக்கிறதாம்.

"ஆருக்காச்சும் உடம்பு சரியில்லையா?" என்று என்னைக் கேட்டார்.

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். "இல்லங்க. ஆபீஸ்ல நான் ஒரு தப்புப் பண்ணிட்டேன்," என்றேன்.

என்னை ஒருமுறை பார்த்தார். "பேசுங்க. நான் மொதல்லருந்து போட்டுக்கிறேன்," என்று எழுந்துவிட்டார்.

மூன்று முறை எங்கேஜ்டு. நாலாவதில் வரவேற்புப் பெண் எடுத்து, குழுத் தலைவர் மீட்டிங்கில் இருப்பதாகச் சொன்னாள். உடனே வெளியே கூப்பிடச் சொன்னேன். அவர் வந்ததும் எந்தக் கோப்பு, எந்த வரி என்று சொன்னேன்.

"ஏம்மா மாத்துன?"

"பாக்க அழகா இருக்கும்னு மாத்துனேன் சார்."

சோதித்துவிட்டு இந்த எண்ணுக்கே கூப்பிடுவதாகச் சொல்லிப் போனை வைத்தார். அதுவரை லைனைத் தொட முடியாது. லேபிள்காரர் வாசலில் நின்று சாலையையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு அவர் முகத்தைப் பார்க்கக் கூச்சமாக இருந்தது. பதினொன்றுக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது மணி அடித்தது.

வெளியீட்டை நிறுத்திவிட்டார்கள். பழைய வரியைத் திரும்பப் போட்டுச் சாயங்காலம் விடுவார்களாம். "நானும் பாத்துட்டுத்தான் சரின்னு விட்டேன்," என்று மெதுவாகச் சொன்னார். அதைக் கேட்டபோது நிம்மதியாக இல்லை, பயம்தான் கூடியது.

போய்ச் சேர்ந்ததும், ஏன் இவ்வளவு நேரம் என்று அம்மா கேட்டார். ரயில் லேட் என்று சொல்லிவிட்டேன்.