தூர்த்த கிணற்றின் மேல் ஒரு முகாம்

மண் சரியும்போது பெரிய சத்தம் எதுவும் எழுவதில்லை. மூட்டையைப் பிரித்துக் கம்பைக் களத்தில் கொட்டினால் 'சொர்ர்' என்று ஒன்று கேட்டு அடங்குமே, அவ்வளவுதான். அதன் பின்னால் ஈரக்காற்று ஒன்று வந்து முகத்தில் படும். பன்னிரண்டு வயதில் அந்தச் சத்தத்தைக் கேட்டேன். இன்றும் எங்காவது லாரியிலிருந்து மணலை இறக்கினால் நடந்துகொண்டிருப்பவள் நின்றுவிடுகிறேன், சத்தத்துக்குப் பிறகு யாராவது கூப்பிடுகிறார்களா என்று.

எங்கள் ஊர் திருச்சுழிக்கும் எம்.ரெட்டியபட்டிக்கும் நடுவே, பருத்தியும் கம்பும் மழையை நம்பி விளைகிற கரிசல் பூமியில் இருக்கிறது. கோடையில் ஊருணி வற்றிவிட்டால் எங்கள் தோட்டத்துக் கிணறு ஒன்றில்தான் குடிக்கிற தண்ணீர் கிடக்கும். காலனிப் பெண்கள் குடங்களோடு வந்து, எங்கள் வீட்டு ஆள் யாராவது இறைத்து ஊற்றும் வரையில் வெயிலில் எட்டி நிற்பார்கள். நானும் ஊற்றியிருக்கிறேன். அவர்கள் ஏன் தாங்களே இறைத்துக்கொள்ளக் கூடாது என்று நான் கேட்டதில்லை. அதை மாற்றுவதற்கென்றே ஒரு கூட்டம் பஸ் ஏறி வந்து இறங்கியபோதுதான் அப்படி ஒரு கேள்வி இருப்பது எனக்குத் தெரிந்தது.

அருப்புக்கோட்டையில் ஓர் அச்சகத்தில் எழுத்துக் கோத்துக்கொண்டிருந்த ராஜாமணி அண்ணனும், அவருடைய கூட்டாளிகள் ஆறு பேரும் சேர்ந்து தொடங்கிய சங்கம் அது. ஒரு மழைக்காலத்தில் பக்கத்துக் கிராமத்துப் பள்ளிக்கூடச் சுவர் இடிந்துவிட, ஞாயிற்றுக்கிழமைகளில் இவர்களே போய் எடுத்துக் கட்டினார்களாம். அந்த ருசி விடவில்லை. கோடைதோறும் ஓர் ஊரைத் தேர்ந்தெடுத்துப் பதினைந்து நாள் முகாம் போட ஆரம்பித்தார்கள். மல்லாங்கிணறு பக்கம் ஒரு பாதை, வீரசோழன் போகிற வழியில் ஓர் ஓடைக்கரை என்று வேலை பெருகப் பெருக, வெளியூர்களிலிருந்தும் வாலிபர்கள் வந்து சேர்ந்தார்கள். தட்டு, டம்ளர், போர்வை மூன்றையும் அவரவர் கொண்டுவர வேண்டும். வேலை முடிந்த இடத்தில் யார் பேரும் பொறித்துக் கல் வைக்கக் கூடாது. சங்கத்துக்கு நீளமான ஒரு பெயர் இருந்தது. ஊரில் யாரும் அதைச் சொன்னதில்லை. எல்லோருக்கும் அவர்கள் 'முகாம்காரவுக'தான்.

எங்கள் ஊரில் அவர்கள் எடுத்துக்கொண்ட வேலை, காலனிக்கென்று ஒரு கிணறு. முதலில் ராஜாமணி அண்ணன் எங்கள் வீட்டுக்கு வந்து, காலனியை ஒட்டிய எங்கள் புஞ்சையின் மூலையைக் கேட்டார். அப்பா மரியாதையாக மோர் கொடுத்து, யோசித்துச் சொல்வதாகச் சொல்லி அனுப்பினார். யோசிக்கவில்லை என்பது எல்லோருக்கும் தெரிந்தது. பிறகு அவர்கள் புஞ்சைக்கு அந்தப் பக்கம் கிடந்த புறம்போக்கில் கயிறு பிடித்து வட்டம் போட்டார்கள்.

முகாமுக்கு வந்தவர்களில் சகாயம் அண்ணன் தூத்துக்குடிப் பக்கத்துக்காரர். இருபத்திரண்டு வயதிருக்கும். மூக்குக்கண்ணாடி விழாமல் இருக்க அதை ஒரு நூலால் பின்மண்டையில் கட்டியிருப்பார். கடற்கரையில் பிறந்த அவருக்கு எங்கள் காட்டுச் செடிகள் எல்லாமே புதிது. அம்மா கொடுத்துவிடும் மோரைத் தூக்குவாளியில் நான் கொண்டுபோகும்போது ஏதாவது ஒரு செடியைக் காட்டிப் பேர் கேட்பார். சொன்னதும் பேனாவால் உள்ளங்கையில் எழுதிக்கொள்வார். பெரியவர் ஒருவர் நான் சொன்னதை எழுதிக்கொண்டது அதற்கு முன்னால் நடந்ததில்லை.

ஒன்பதாம் நாள் பள்ளம் இரண்டு ஆள் ஆழத்துக்கு இறங்கியிருந்தது. ஒரு பக்கம் கடப்பாரைக்கு மசியாமல் இறுகிக் கிடக்க, மறுபக்கம் மண்வெட்டி வைத்ததுமே பொலபொலவென்று வந்தது. அந்தப் பக்கத்தில் ஓட்டாஞ்சில்லுகளும் செங்கல் துண்டுகளும் கிடைத்தன. ஏதோ பழைய காலத்து ஊர் புதைந்து கிடக்கிறதென்று முகாம்காரர்கள் சந்தோஷப்பட்டார்கள். சகாயம் அண்ணன் ஒரு பானையின் கழுத்தை எனக்குக் கொடுத்தார். அதை வீட்டுக்குக் கொண்டுவந்து காட்டினேன்.

அன்று சாயங்காலம் கோடை மழை கொட்டியது. அப்பா பானைத் துண்டைக் கையில் வாங்கிப் பார்த்துக் கீழே வைத்தார். பிறகு அம்மாவிடம் மெதுவாகச் சொன்னார்.

"அது எங்க ஐயா காலத்துல பாதியில இடிஞ்சுபோன கெணறு. குப்பையும் மண்ணும் போட்டுத் தூத்துட்டாக. நனைஞ்சா நிக்காது."

"அவுககிட்ட ஒரு வார்த்தை சொல்லிருங்க."

"சொன்னா, அப்ப ஒங்க மூலையக் குடுங்கன்னு வந்து நிப்பாக. மண்ணப் பாத்தா அவுகளுக்கே தெரியும்."

காலனி அங்கே வருவதற்கு முந்திய விஷயம் அது. ஊரில் அதை அறிந்தவர்கள் நாலைந்து பேர் இருந்தால் அதிகம். நான் கேட்டுக்கொண்டிருப்பதை அப்பா கவனித்தார். "சாப்பிடு" என்றார். சொல்லாதே என்று அவர் சொல்லவில்லை. இதை நான் பல வருஷங்கள் எனக்குள் திருப்பித் திருப்பிப் பார்த்திருக்கிறேன். அவர் சொல்லாதே என்று சொல்லவில்லை.

மறுநாள் காலையில் மோர் கொண்டுபோனேன். சொல்லிவிட வேண்டும் என்ற நினைப்போடுதான் போனேன். பள்ளத்தின் விளிம்பில் மண் கறுத்துப் பளபளத்தது. சகாயம் அண்ணன் டம்ளரை வாங்கிக் குடித்துவிட்டு, மழையில் தலையெடுத்திருந்த ஒரு செடியைக் காட்டி அது என்ன என்று கேட்டார். "கொளுஞ்சி" என்றேன். அவர் எழுதி முடிப்பதற்குள் கீழேயிருந்து யாரோ கூப்பிட, ஏணியில் இறங்கிவிட்டார். அப்பாவைக் காட்டிக்கொடுப்பதாகிவிடுமே என்ற பயமா, சொன்னால் வேலையை நிறுத்திவிட்டு முகாம் கிளம்பிவிடும் என்ற வருத்தமா, எது என் வாயைக் கட்டியது என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. தூக்குவாளியை எடுத்துக்கொண்டு வேலியைத் தாண்டியிருப்பேன். அந்தச் சத்தம் கேட்டது.

பள்ளத்தில் நான்கு பேர் இருந்தார்கள். மூன்று பேர் இடுப்பளவு மண்ணில் சிக்கிக் கத்தினார்கள். நான்காமவரின் குரல் வரவில்லை. காலனி ஆட்களும் எங்கள் தெரு ஆட்களும் ஓடிவந்து கையால் மண்ணை அள்ளினார்கள். அந்த இரண்டு தெருவும் தோளோடு தோள் இடித்து நின்றதை அன்றுதான் முதன்முதலில் பார்த்தேன். எல்லோருக்கும் முன்னால் உள்ளே குதித்தவர் என் அப்பா. சகாயம் அண்ணனை மேலே கொண்டுவந்து கட்டிலில் கிடத்தியபோது அவருடைய வலது கை தொங்கியது. இடது உள்ளங்கையை ஒரு காலனிப் பெண் முந்தானையால் துடைத்தாள். மண்ணுக்கு அடியில் மை அழியாமல் இருந்தது. 'கொளு' என்பதுவரை எழுதியிருந்தார்.

எதிர்பாராத மண்சரிவு என்று எழுதிப் போலீஸில் விஷயத்தை முடித்தார்கள். முகாம் கலைந்தது. இனி இந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்க மாட்டார்கள் என்று ஊர் பேசியது. ஆனால் அடுத்த கோடையில் ராஜாமணி அண்ணனும் ஏழெட்டுப் பேரும் மண்வெட்டியோடு வந்து இறங்கினார்கள். அவர்கள் கேட்பதற்கு முன்பே அப்பா எழுந்துபோய், எங்கள் புஞ்சை மூலையில் தானே முளைக்குச்சி அடித்து, "இங்க வெட்டுங்க" என்றார். பதினைந்து நாளும் அவர்களோடு மண் சுமந்தார். தண்ணீர் இனிப்பாக வந்தது. காலனிப் பெண்கள் தாங்களே கயிறு போட்டு இறைத்தார்கள். அப்பாவின் தாராளத்தை ஊர் மெச்சியது. யாராவது அந்தப் பேச்சை எடுத்தால் அவர் துண்டை உதறிக்கொண்டு நகர்ந்துவிடுவார்.

எனக்கு அவர்மேல் கசப்பு மாறவே இல்லை. ஓர் உயிர் போன பிறகு கொடுத்த மூலைக்கு என்ன புண்ணியம் என்று மனதுக்குள் கேட்டுக்கொண்டே அவருக்குச் சோறு போட்டிருக்கிறேன். வெளியூர் படிக்கப் போனதும் நானும் அந்தச் சங்கத்தில் சேர்ந்து ஒன்பது கோடைகள் மண் சுமந்தேன். சேவை மனம் கொண்ட பெண் என்று எல்லோரும் சொன்னார்கள். ஒவ்வொரு ஊரிலும் வேலை தொடங்குவதற்கு முன், அங்கிருக்கும் வயதானவர்களை எல்லாம் தேடிப்போய் இந்த இடத்தில் முன்பு என்ன இருந்தது என்று கேட்பேன். ஏன் இப்படிக் கேட்கிறாய் என்று யாரும் என்னைக் கேட்டதில்லை. அப்பா இறந்தபோது நான் அழுதேன். ஆனாலும் அவரை மன்னிக்கவில்லை.

சென்ற மாதம் ராஜாமணி அண்ணன் என்னை அருப்புக்கோட்டைக்கு வரச்சொன்னார். எண்பதைத் தாண்டிவிட்டார், கண் பார்வை மங்கிவிட்டது. சங்கத்தைக் கலைத்துவிடுவதென்று மிச்சமிருப்பவர்கள் முடிவு செய்திருக்கிறார்கள். முகாமுக்கு வர வாலிபர்கள் இல்லை. பதினைந்து நாள் வேலையை ஜேசிபி ஒரு காலைப் பொழுதில் முடித்துவிடுகிறது. சங்கத்தின் வரலாற்றை ஒரு சிறு புத்தகமாக நான் எழுதித் தர வேண்டும் என்றார். அப்போதுதான் சொன்னேன், அந்த மண்சரிவு எதிர்பாராதது அல்ல, அப்பாவுக்கு முன்பே தெரியும் என்று.

அவர் முகம் மாறவில்லை.

"அது எனக்குத் தெரியும் தாயி. நாங்க திரும்பி வந்தமே, அதுக்கு முந்தியே ஒங்கப்பா என்னத் தேடி அச்சாபீசுக்கு வந்து சொல்லிட்டாக. அந்தப் பையனோட அம்மாவப் பாக்கணும்னாக. நாந்தான் கூட்டிட்டுப் போனேன். நான் வெளிய நின்னேன். உள்ள போயிச் சொல்லிட்டு வந்தாக. அந்தம்மா என்ன சொன்னாகன்னு அவுகளும் சொல்லல, நானும் கேக்கல."

அதற்குப் பிறகும் வருஷத்துக்கு ஒருமுறை அப்பா தூத்துக்குடிக்கு பஸ் ஏறியிருக்கிறார். பருத்தி விஷயமாகப் போகிறார் என்று நாங்கள் நினைத்திருந்தோம்.

பிறகு, அந்தக் காலையில் மோரோடு நானும் அங்கே நின்றேன் என்பதைச் சொன்னேன். அதை யாரிடமும் நான் சொல்வது அதுவே முதல் தடவை. அவர் என் பக்கம் திரும்பி, அப்போது எனக்கு என்ன வயது என்று மட்டும் கேட்டார். சொன்னேன். அவர் கையை நீட்டினார், நான் எங்கே உட்கார்ந்திருக்கிறேன் என்று தேடுபவரைப் போல. பிறகு, "அதையும் எழுதிரு" என்றார்.

திரும்பும் வழியில் ஊரில் இறங்கினேன். காலனியில் வீட்டுக்கு வீடு குழாய் வந்துவிட்டது. புஞ்சை மூலைக் கிணறு வறண்டு, சீமைக்கருவேலம் மூடிக் கிடக்கிறது. தூர்ந்த பள்ளம் இருந்த இடத்தில் இப்போது தார்ச்சாலை ஓடுகிறது. தூத்துக்குடிப் பக்கம் விசாரித்ததில் அந்தத் தாய் காலமாகிப் பல வருஷமாகிவிட்டதாம், வீடும் கைமாறிவிட்டதாம். அப்பாவுக்குப் போய்ச் சொல்ல ஒரு வாசல் இருந்தது.