அடைக்கோழியின் மேல் குற்றமில்லை

காலை ஏழு மணிக்கு நாகர்கோவிலில் பஸ் ஏறினேன். கருங்கலுக்குப் பதினாறு மைல், டிக்கெட் ஆறணா. நாஞ்சில் நாடு திருவிதாங்கூர்-கொச்சியிலேயே கிடப்பதா, தமிழ்நாட்டோடு சேர்வதா என்று வழிநெடுக ஒரே வாக்குவாதம். எனக்கு எதிலும் மனம் ஒட்டவில்லை. செல்லம்மைக்கு என்ன பதில் சொல்லப்போகிறேன் என்ற கவலைதான்.

போன வருஷம் நான் கருங்கலுக்கு வந்தது எங்கள் கருவியல் சங்கத்தின் செலவில். முட்டைக்குள் குஞ்சு எப்படி உருவாகிறது என்று ஆராய்கிற கல்லூரி ஆசிரியர்கள் நாங்கள். சந்தா போட்டு, யாராவது ஒருவருக்கு வழிச்செலவு கொடுப்போம். கருங்கல் கடைக்காரர் தங்கப்பன் வீட்டுக் கோழி அடைகாத்த முட்டைகளில் ஐந்தை மூன்றாம் நாள் உடைத்தேன். நான்கில் கடுகளவு இதயம் துடித்தது. ஒன்றில் நின்றுபோயிருந்தது. தங்கப்பனின் மனைவி செல்லம்மை லென்ஸ் வழியாக அந்த ஒன்றையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஏழாம் மாதத்தில் வயிற்றுப்பிள்ளையைப் பறிகொடுத்தவள். தண்ணீர்க்குடம் சுமந்ததால்தான் என்று வீடே அவளைப் பழி சொல்லியிருந்தது.

"இது மட்டும் ஏன் சாரே நின்னுது? ஒங்க சங்கத்துல கேட்டுச் சொல்லுவியளா?" என்றாள்.

கேட்டேன். விடை தெரியாத கேள்விகளுக்கென்றே கூட்டத்தின் கடைசி மணி நேரத்தை ஒதுக்குவது எங்கள் வழக்கம். தலை நரைத்தவர்களெல்லாம் எழுந்து பேசினார்கள்.

பஸ்ஸை விட்டிறங்கி நடந்து, ஒன்பதரைக்குத் தங்கப்பன் வீடு போய்ச் சேர்ந்தேன். "வாருங்க சாரே" என்று தங்கப்பன் பெஞ்சை இழுத்துப் போட்டார். சாயா கொடுத்துவிட்டு செல்லம்மை கதவோரம் நின்றாள்.

"காரணம் எங்களுக்கும் தெரியவில்லை அம்மா. அதே கோழி, அதே சூடு. ஆனாலும் சிலது நின்றுவிடுகிறது. சங்கத்தில் எல்லாரும் அப்படிப் பார்த்திருக்கிறார்கள்."

"அப்பம் கோழி மேல குத்தமில்லையா?"

"இல்லை. உங்கள் மேலும் இல்லை."

தங்கப்பன் தலையைக் குனிந்துகொண்டார்.

"ஐயோ, அதெ சந்தையில வித்துப்போட்டேனே சாரே! என்னெச் சொன்ன மாதிரி நானும் அதெப் பழிச்சிட்டேனே!" கதவைப் பிடித்துக்கொண்டு அழுதாள். காரணம் சொல்லத் தெரியாத நாங்கள் என்ன பெரிய சங்கம்!

தங்கப்பன், "நாளைக்குச் சந்தை. அந்தக் கோழி எங்கயாவது நிக்குதான்னு பாக்கேன்" என்றார். அது எப்போதோ கறியாகியிருக்கும் என்று மூன்று பேருக்கும் தெரியும்.

"செவலை. வலத்தே காலுல ஒரு வெரலு கெடையாது" என்றாள் செல்லம்மை, கண்ணைத் துடைத்துக்கொண்டே.

மதிய பஸ்ஸுக்கு நான் எழுந்தபோதும் அவர் அடையாளம் கேட்டுக்கொண்டிருந்தார், அவள் சொல்லிக்கொண்டிருந்தாள்.