வால்வு போகவில்லை

சாகக் கிடந்த என் மனைவியின் ரேடியோவைத் திருடி விற்றவன் நான்.

திருடினேன் என்றுதான் சொல்ல வேண்டும். உங்களிடம் சொல்வதற்கு இதைவிட நல்ல வார்த்தை அகப்படுமா என்று எத்தனையோ முறை தேடிவிட்டேன்... இல்லை.

அறுபதுகளின் நடுவில் திருவள்ளூர் பஜாரில் ரேடியோக் கடை போட்டேன். செட்டைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு ஊர் ஊராய்ப் போய்ப் பாடவைத்து விற்றவனுக்குச் சொந்தமாய் ஒரு கடை! அந்த வருஷமே கோமளா படுக்கையில் விழுந்தாள். எங்களுக்குப் பிள்ளையும் இல்லை. பகலெல்லாம் தனியாய்க் கிடப்பாளே என்று தலைமாட்டில் ஒரு செட்டு வைத்துக் கொடுத்தேன்.

"ஊட்டுல நாலு பேர் இருக்கிற மாதிரி இருக்குதுங்க" என்றாள்.

தீபாவளி நேரம், கடையில் சரக்குத் தீர்ந்துவிட்டது. பொதட்டூர்பேட்டை விவசாயி ஒருவர் மகள் கல்யாணச் சீருக்கு ரேடியோ கேட்டு வந்து நின்றார்.

"இன்னா நைனா, ரேடியோக் கடைன்னு போர்டு மாட்டிக்கினு ரேடியோ இல்லன்றியே?"

நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்குப் பொறுக்கவில்லை. "சாயங்காலம் வாங்க, தரேன்" என்றேன்.

வீட்டில் கோமளா கண்ணயர்ந்திருந்தாள். செட்டின் பின்பக்க அட்டையைத் திறந்து, பல்பு மாதிரி சூடு ஆறாமல் இருந்த ஒரு வால்வைப் பிடுங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். விழித்தவள் திருகிப் பார்த்தாள். பாடவில்லை.

"வால்வு போயிடுச்சிம்மா. ரிப்பேர் பண்ணி எடுத்தாறேன்."

கேட்டிருந்தால் "எடுத்துக்கினு போங்க" என்றுதான் சொல்லியிருப்பாள். அவள் அப்படிச் சொல்லும்போது முகத்தைப் பார்க்கத் தைரியமில்லாமல்தான் பொய் சொன்னேனா? இன்னும் தெரியவில்லை...

சாயங்காலமே வால்வை மாட்டி அந்த விவசாயிக்கு விற்றேன். அடுத்த சரக்கில் அவளுக்கென்று ஒன்றை ஒதுக்கினேன். அதற்கும் ஆள் வந்தது. கொடுத்துவிட்டு, வால்வு மெட்ராஸில்தான் கிடைக்கும் என்று அவளிடம் சொன்னேன்.

"வால்வு கெடைக்கலயா? பரவால்லங்க. எனக்கோசரம் மெட்ராஸெல்லாம் அலையாதீங்க, எளச்சிப் போய்ட்டீங்க பாருங்க" என்று என் கன்னத்தைத் தடவினாள்.

பொங்கலுக்கு முன்பே போய்விட்டாள். கடைசிவரை அந்த அறையில் ஒரு பாட்டுச் சத்தம் இல்லை.

அவளை எடுத்துப்போட்ட அன்று அவள் தம்பி என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதான். "ஒரு வால்வுக்கோசரம் மாமா எப்படி அலையிறாருன்னு அக்கா வர்றவங்க கிட்டயெல்லாம் சொல்லிக்கினே இருந்துச்சி மாமா."

நான் தலையாட்டினேன்.

இப்போது கும்மிடிப்பூண்டியிலும் ஒரு கடை வைத்துவிட்டேன். ஒவ்வொரு திவசத்திலும் அவன் தன் பெண்களிடம் அதையே சொல்லி, "மாமா மாதிரி மாப்ள கெடைக்கணும் உங்களுக்கு" என்கிறான். அந்தப் பெண்கள் என்னை நிமிர்ந்து பார்க்கிறார்கள்.

நான் இலையைப் பார்த்துக்கொண்டு சாப்பிடுகிறேன்.